சுமத்ரா புலியை அடைத்து வளர்ப்பது எப்படி? மதுரைப் பக்கம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் கால்நடை மருத்துவர். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து ஊர்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்ப்பதுதான் அன்றாட வேலை. படிக்கும் காலத்தில் சில மாதங்கள் ஓர் உயிரியல் பூங்காவில் புலிக்கூண்டு ஓரமாகவே பயிற்சி எடுத்தேன். அன்றிலிருந்து புலி என்னை விடவில்லை. பள்ளிகளில் பேசக் கூப்பிட்டால் போவேன். பிள்ளைகளும் ஆசிரியர்களும், சில சமயம் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் பெரியவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

சுமத்ரா புலிக்கும் நம்ம ஊர்ப் புலிக்கும் என்ன வித்தியாசம்?

இன்று உயிரோடிருக்கும் புலிகளில் உருவத்தில் சிறியது சுமத்ரா புலிதான். ஆண் 100 முதல் 140 கிலோ, பெண் 75 முதல் 110 கிலோ வரை இருக்கும். நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் திரியும் ஆண் புலி 200 கிலோவைச் சாதாரணமாகத் தொடும். சுமத்ரா புலிக்கு வரிகள் நெருக்கமாக இருக்கும். ஆணுக்குக் கன்னத்தைச் சுற்றி மயிர் அடர்ந்து தாடி வைத்தது போலத் தெரியும்.

சுமத்ரா நமக்கு அந்நியமான தீவு இல்லை. ராஜேந்திர சோழன் 1025இல் கப்பற்படை அனுப்பிய ஸ்ரீவிஜயத்தின் தலைநகர் பலெம்பாங் அங்கேதான் இருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088இல் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு அத்தீவின் பாருஸ் என்ற இடத்தில் கிடைத்தது. இந்தோனேசியாவில் ஒரு காலத்தில் மூன்று தீவுகளில் புலி இருந்தது. பாலித் தீவுப் புலி 1940களில் போயிற்று, ஜாவா புலி 1970களில் போயிற்று. மிச்சம் இருப்பது சுமத்ரா மட்டும்.

வண்டலூரில் இருக்கிறதா?

இல்லை. வண்டலூரில் நீங்கள் பார்ப்பது வங்கப் புலி, அதன் வெள்ளை நிற வகையும் உண்டு. சிங்கப்பூர் போகிறவர்கள் நைட் சஃபாரியில் பார்ப்பது மலாயா புலி. சுமத்ரா புலியைப் பார்க்க இந்தோனேசியாவில் பொகோர் அருகே உள்ள தாமான் சஃபாரிக்கோ, லண்டன் பூங்காவுக்கோ, சிட்னியின் டரோங்கா பூங்காவுக்கோ போக வேண்டும். ஆனால் வளர்ப்பு முறை எந்தப் புலிக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கீழே சொல்வதில் பாதியை வண்டலூரிலோ திருவனந்தபுரத்திலோ நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

காட்டில்தான் இருக்கிறதே, எதற்கு அடைத்து வளர்க்க வேண்டும்?

காட்டில் எத்தனை என்று பாருங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 2022 கணக்கெடுப்பில் 306 புலிகள். சுமத்ரா நம் மாநிலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் பெரிய தீவு. அங்கே மொத்தமே 400 முதல் 600 வரை இருக்கலாம் என்கிறார்கள். அதுவும் ஒரே காட்டில் இல்லை. கெரிஞ்சி செபலாட், குனுங் லூசர், புக்கிட் பாரிசான் செலாத்தான் என்று துண்டு துண்டான காடுகளில் சிதறிக் கிடக்கின்றன.

எங்கள் பாட்டி வீட்டில் குதிருக்குள் விதைநெல் தனியாக இருக்கும். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். பூங்காவில் வளரும் சுமத்ரா புலி அந்த மாதிரி. அதை வைத்து வயலை நிரப்பிவிட முடியாது. அதுவும் இல்லாமல் போனால் திரும்ப முளைக்க வைக்க ஒன்றும் இருக்காது.

ஆணும் பெண்ணும் இருந்தால் குட்டி போட்டுவிட்டுப் போகிறது. இதில் என்ன பெரிய திட்டம்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் புலிக்குளம் மாட்டுக் கிடை வைத்திருப்பவர். அவரிடமே திருப்பிக் கேட்டேன். "உங்கள் கிடையில் பிறந்த காளையையே அதோட தங்கச்சிக்கு விடுவீர்களா?" "அதெப்படி விடுவேன், கன்னு நோஞ்சானாப் போகுமே, வெளியூர்க் காளையத்தான் கொண்டாருவோம்" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

உலகெங்கும் பூங்காக்களில் இருக்கும் சுமத்ரா புலிகள் சில நூறுதான். அவை எல்லாம் காட்டிலிருந்து வந்த கொஞ்சம் முன்னோர்களின் பிள்ளைகள். யாருக்கு யார் தாய், தகப்பன் என்று ஒவ்வொரு புலிக்கும் பதிவு உண்டு. இதை வம்சாவளிப் பதிவேடு என்போம். உலகப் புலிகளுக்கான பதிவேட்டை ஜெர்மனியின் லைப்சிக் பூங்கா நெடுங்காலம் பராமரித்தது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். பதிவேட்டில் உறவு எண்ணிக்கை குறைந்த புலி எது, அதாவது பங்காளிகள் குறைவாக உள்ள புலி எது என்று கணக்குப் போட்டு அதற்கு முதலில் ஜோடி தேடுவார்கள். இப்படிப்பட்ட திட்டங்களில் வழக்கமாக வைக்கும் இலக்கு, 100 வருடம் கழித்தும் மரபணு வகைமையில் 90 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்பது.

இதனால் பூங்காக்கள் புலியை விலைக்கு விற்பதில்லை, இரவல் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. ஏற்கெனவே நிறையக் குட்டி போட்ட ஜோடிக்குக் கருத்தடையும் செய்வார்கள், தோலுக்கடியில் சின்ன மருந்துக் குச்சி வைத்து. ஆரம்ப காலத்தில் பயன்படுத்திய ஒரு ஹார்மோன் குச்சி பெரும்பூனைகளுக்குக் கருப்பைப் புற்றையும் மடிப் புற்றையும் கொண்டுவந்ததால் மருந்தை மாற்ற வேண்டியதாயிற்று.

"எங்கள் பூங்காவில் இத்தனை குட்டி" என்று பேனர் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது யாருடைய குட்டி, வளர்ந்த பிறகு எங்கே போகப் போகிறது என்ற இரண்டுக்கும் பதில் இருக்கும்போதுதான் பிறப்பு நல்ல செய்தி.

அப்படியென்றால் வெள்ளைப் புலி?

எல்லோருக்கும் பிடித்த விலங்கைப் பற்றிக் கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளைப் புலி தனி இனம் இல்லை. 1951இல் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற ஆண் புலியை அதன் மகள் ராதாவோடே சேர்த்துத்தான் 1958இல் முதல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலகில் இன்று இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்தக் குடும்பம். மாறுகண், வளைந்த முதுகு, சின்ன வயதுச் சாவு எல்லாம் கூடவே வந்தன. அமெரிக்கப் பூங்காக்களின் சங்கம் 2011இல் வெள்ளை நிறத்துக்காகவே இனப்பெருக்கம் செய்வதைத் தன் உறுப்பினர்களுக்குத் தடை செய்தது. சரியான முடிவு.

ஜோடி சேர்ப்பது எப்படி? நேராக உள்ளே விட்டுவிடுவார்களா?

இந்த வேலையிலேயே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் கட்டம் இதுதான்.

புலி தனியாக வாழும் விலங்கு. காட்டில் ஆணும் பெண்ணும் சில நாள் சேர்ந்திருக்கும், பிறகு அது அது வழியில் போய்விடும். பூங்காவில் இரண்டையும் முதலில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து நடுவில் கம்பி வலை போடுவார்கள். சாக்கு, வைக்கோல், மரக்கட்டை இவற்றை ஒன்றின் கூண்டிலிருந்து எடுத்து மற்றதன் கூண்டில் போட்டு வாசனையைப் பழக்குவார்கள். அப்புறம் காத்திருக்க வேண்டும். பெண்ணுக்குச் சுமார் 25 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும், ஐந்தாறு நாள் நிற்கும். தரையில் புரளும், கம்பியில் உரசும், கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

நான் பயிற்சியில் இருந்தபோது பார்த்தது ஒரு வங்கப் புலி ஜோடி. பெண் வலையோரம் வந்து கன்னத்தைத் தேய்த்தது. ஆண் மூக்கு வழியாக "ஃபுர்ர்… ஃபுர்ர்" என்று காற்று விட்டது. குதிரை உதட்டை அதிரவிடுமே, அது போல, இன்னும் மெதுவாக. புலிக்கு அதுதான் வணக்கம். பெண்ணும் அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தது. பக்கத்தில் நின்ற மூத்த பராமரிப்பாளர் அண்ணன் என் தோளைத் தட்டி, "பதில் வந்துருச்சு தம்பி, இனி ரெண்டு நாள்ல தொறக்கலாம்" என்றார். கதவு திறந்த அன்று தண்ணீர்க் குழாய், பெரிய சத்தம் போட இரும்புத் தட்டு, மயக்க மருந்துத் துப்பாக்கி எல்லாம் தயாராக இருந்தன. எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. என் சட்டை மட்டும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

எல்லா நேரமும் அப்படி முடியாது. லண்டன் பூங்காவில் மெலாட்டி என்ற 10 வயது சுமத்ரா பெண் புலிக்குத் துணையாக டென்மார்க்கிலிருந்து ஆசிம் என்ற ஆணைக் கொண்டுவந்தார்கள். பத்து நாள் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பழக்கினார்கள். 2019 பிப்ரவரி 8 அன்று கதவைத் திறந்தார்கள். சண்டை மூண்டது. தீப்பந்தம், சத்தம் எதுவும் பலிக்கவில்லை. மெலாட்டி அங்கேயே செத்துப்போனது. அனுபவம் இல்லாதவர்கள் யாரும் அங்கே இல்லை. அதே ஆசிம் பின்னர் வேறொரு பெண்ணோடு அமைதியாகச் சேர்ந்து குட்டிகளுக்குத் தகப்பனானது. பதிவேடு பொருத்தம் சொல்லும். இரண்டு புலிகளின் மனசை அது சொல்லாது.

சேர்ந்த பிறகு ஒரே நாளில் பத்திருபது தடவைக்கு மேல் கூடும். பெண் புலிக்குப் பெரும்பாலும் அந்தக் கூடலின் தூண்டுதலால்தான் கருமுட்டை வெளியாகும், அதனால் அத்தனை தடவை. ஒவ்வொரு முறையும் முடிந்ததும் பெண் சடாரென்று திரும்பிக் கையை ஓங்கும், ஆண் எகிறித் தப்பும். பார்ப்பவர்கள் சண்டை என்று பயப்படுவார்கள், அது வழக்கம்தான்.

சினைக்காலம் எவ்வளவு? குட்டி எப்போது கண் திறக்கும்?

சுமார் 103 நாள். ஆட்டுக்கு ஐந்து மாதம் என்று சொல்லும் பெரியவர்களுக்கு இது ஆச்சரியம். அவ்வளவு பெரிய விலங்குக்கு மூன்றரை மாதம்தான். வயிறும் கடைசிப் பத்துப் பதினைந்து நாளில்தான் தெரியும். வேட்டையாடும் தாய் வயிற்றைச் சுமந்துகொண்டு ஓட முடியாதே. வழக்கமாக 2 அல்லது 3 குட்டி. ஒவ்வொன்றும் ஒரு கிலோ சுமார். கண் திறக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். இரண்டு மாதத்தில் கறியை நக்க ஆரம்பிக்கும், ஒன்றரை இரண்டு வயது வரை தாயோடு இருக்கும்.

ஈனும் அறை இருட்டாகவும் குறுகலாகவும் இருக்க வேண்டும். வைக்கோல் போட்ட பெட்டி ஒன்று, மேலே கேமரா ஒன்று. முதல் சில வாரம் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே ஒரு மந்திரி வந்து படம் எடுக்க வேண்டும் என்றாலும் கதவு திறக்கக் கூடாது. பயந்த தாய் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இங்குமங்கும் அலையும், சில சமயம் கொன்றுவிடும். தகப்பனை அதற்கு முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

வெளியே விடும் முன் குளத்தைப் பார்க்க வேண்டும். லண்டனில் 2013இல் புதிதாகத் திறந்த புலி இடத்தில் பிறந்த முதல் குட்டி, மூன்று வாரத்திலேயே குளத்தில் மூழ்கி இறந்தது. மறு வருடம் அதே தாய்க்கு மூன்று குட்டி பிறந்து நன்றாக வளர்ந்தன. அந்தத் தாய்தான் மேலே சொன்ன மெலாட்டி.

தாய் ஒதுக்கிவிட்டால் புட்டிப் பால் கொடுக்கலாம் இல்லையா?

கொடுக்கலாம், வேறு வழியே இல்லை என்றால். மனிதக் கையில் வளர்ந்த புலி, புலியோடு பேசக் கற்றுக்கொள்வதில்லை. பின்னால் ஜோடி சேர்க்கும்போது அது நம்மைத் தேடும். கூடப் பிறந்த ஒன்றையாவது கூடவே வைத்து வளர்ப்பது பாதிப் பிழையைச் சரிசெய்யும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

நம் நாட்டில் 1992இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஒரு ஜோடிப் புலிக்குத் திறந்தவெளி குறைந்தது 1000 சதுர மீட்டர் என்கிறது. நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட். இரவுக்கூண்டு ஒவ்வொன்றுக்கும் தனி, சுமார் 9 அடிக்கு 6 அடி. இது குறைந்தபட்சம். என் கணக்கில் ஒரு புலிக்கே அரை ஏக்கராவது வேண்டும், அதுவும் மேடு பள்ளம், புதர், உரச மரம், ஏறிப் படுக்க மேடை, குளம் எல்லாம் இருக்கிற அரை ஏக்கர். மொட்டைத் திடல் இரண்டு ஏக்கர் இருந்தாலும் புலி ஓரத்தில்தான் நடக்கும்.

மதில் விஷயத்தில் ஒரு பாடம். 2007 கிறிஸ்துமஸ் அன்று சான் பிரான்சிஸ்கோ பூங்காவில் தத்யானா என்ற சைபீரியப் புலி அகழியைத் தாண்டி வெளியே வந்து ஒருவரைக் கொன்றது. மதில் உயரம் பன்னிரண்டரை அடி. இருந்திருக்க வேண்டியது 16 அடிக்கு மேல். பல வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக மதில் போதும் என்று நினைத்திருந்தார்கள்.

பூட்டுக்கு வருவோம். புலி இருக்கும் இடத்துக்குள் மனிதன் போவதே இல்லை. முதலில் புலியை அடுத்த அறைக்கு மாற்றி, நடுக்கதவை இறக்கி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பிறகு கண்ணால் புலியை எண்ண வேண்டும். மேலே சொன்ன பராமரிப்பாளர் அண்ணன் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஒவ்வொரு நாளும் வாய்விட்டு "ஒண்ணு… ரெண்டு" என்று எண்ணிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். இருப்பதே இரண்டு புலிதான்.

மதுரை வெயிலில் சுமத்ரா புலி தாங்குமா?

சூடு பழகிய விலங்குதான், ஆனால் அதன் ஊர்ச் சூடு ஈரமானது. சித்திரை மாதம் இங்கே 40 டிகிரியில் வறண்ட காற்று அடிக்கும். நிழல், கழுத்து வரை இறங்கிப் படுக்கத் தண்ணீர், மதியம் ஒதுங்க மண் குளிர்ந்த இடம் இருந்தால் தாங்கும். கீழே முழுக்க சிமெண்ட் போட்டால் உள்ளங்கால் வெந்துவிடும். புலிக்குத் தண்ணீர் என்றால் பிரியம். வாலை முதலில் விட்டு, பின்பக்கமாகவே தொட்டிக்குள் இறங்கும். முகத்தில் தண்ணீர் படுவது அவ்வளவாகப் பிடிக்காது.

என்ன சாப்பாடு? என்ன நோய் வரும்?

சுமத்ரா புலிக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோ சுமாருக்குக் கறி, எலும்போடு. வெறும் சதை மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாமல் குட்டிகளுக்கு எலும்பு வளையும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவது நம் பூங்காக்களில் வழக்கம். காட்டில் தினமும் விருந்தா கிடைக்கிறது?

நோயில் நான் அதிகம் பயப்படுவது கறி வழியாகவும் ஈ வழியாகவும் வருவதை. தாய்லாந்தில் 2004இல் ஒரு தனியார் புலிப் பண்ணையில் பறவைக் காய்ச்சல் பிடித்த பச்சைக் கோழியைப் போட்டதில், இருந்த 441 புலிகளில் 147 செத்தன அல்லது கொல்லப்பட்டன. ஒடிசாவின் நந்தன்கானனில் 2000 ஜூலையில் 12 புலிகளை ஒரே அடியாகக் கொண்டுபோனது சர்ரா நோய். மாட்டு ஈ கடித்துப் பரவும், நம் மாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த அதே நோய். மனிதனும் கொடுப்பான்: 2021 ஜூனில் வண்டலூரில் நீலா என்ற சிங்கம் கொரோனாவில் இறந்தது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் புலியையும் பிடிக்கும். அதனால் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் புலி வைத்தியத்தில் சேர்ந்ததே.

ஒரே பாதையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருக்கிறதே, பைத்தியமா?

சலிப்பு, அல்லது பதற்றம். மாலை நாலு மணிக்குக் கறிக்காகக் கதவோரம் நடப்பது வேறு. நாள் முழுக்க நடப்பது வேறு. இரண்டாவது என்றால் பூங்கா யோசிக்க வேண்டும். கறியை உயரக் கம்பத்தில் கட்டுவது, சாக்கில் கடமான் சாணம் அடைத்துப் போடுவது, ரத்தம் கலந்த பனிக்கட்டி என்று தினம் ஒன்று மாற்றிச் செய்வார்கள். காசு குறைவு, பலன் அதிகம்.

பூங்காவில் பிறந்ததைக் காட்டில் விடலாமா?

1976இல் புலிப் பாதுகாப்புக்காக உழைத்த பில்லி அர்ஜன் சிங் இங்கிலாந்தின் ட்வைக்ராஸ் பூங்காவிலிருந்து தாரா என்ற குட்டியை வாங்கிவந்து வளர்த்து உத்தரப் பிரதேசத்தின் துத்வா காட்டில் விட்டார். அது பிழைத்தது, குட்டியும் போட்டது. ஆனால் தாராவின் உடம்பில் சைபீரியப் புலியின் ரத்தமும் கலந்திருந்தது. துத்வாப் புலிகளில் அந்தச் சாயல் பின்னர் தென்பட்டது. அன்புதான் காரணம், ஆனாலும் பதிவேடு இல்லாத அன்பு. இதனால்தான் சுமத்ரா புலியை வேறு புலியோடு சேர்க்கவே மாட்டார்கள்.

அதோடு மனிதனைக் கண்டால் சோறு என்று நினைக்கும் புலியை ஊர் ஓரத்தில் விட்டால் யார் பொறுப்பு? விடுவதற்கு முதலில் காடு வேண்டும்.

அந்தக் காடு எங்கே போனது?

நிறையக் காரணம் உண்டு: கண்ணி, தோல் வியாபாரம், சாலை. பெரியது எண்ணெய்ப்பனைத் தோட்டம். உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது நம் நாடு. பெரும்பகுதி வருவது இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும். ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் வாங்கும் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த விலையில் அவருக்கு வேறு எண்ணெய் இல்லை. ஆனால் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் விளையும் கடலையை ஆட்டி ரேஷனில் கொடுங்கள் என்று கேட்கலாம். விவசாயிக்கும் விலை கிடைக்கும்.

நம் வீட்டுக் கொல்லையிலும் புலி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021 பிப்ரவரியில் நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகம் ஆயிற்று. பேரையூர் பக்கத்துச் சாப்டூர் காடும் அந்த மலைத்தொடரைச் சேர்ந்ததுதான். வைகை பிறப்பது அந்த மலையில். ஆற்றில் அழகர் இறங்கத் தண்ணீர் வேண்டுமென்றால் அங்கே காடு நிற்க வேண்டும்.

தனியாள் புலி வளர்க்க அனுமதி உண்டா?

கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது. வேண்டுமானால் வண்டலூரில் ஒரு விலங்கின் தீவனச் செலவைத் தத்தெடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளை வண்டலூருக்குக் கூட்டிப்போகிறோம். புலியிடம் என்ன பார்க்கச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், விடுமுறை. காலையில் திறந்ததும் நேராகப் புலியிடம் போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் அது தூங்கும். கத்தாமல் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். அது எந்த மரத்தில் திரும்பத் திரும்ப வாலைத் தூக்கிச் சிறுநீர் பீய்ச்சுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள், அதுதான் அதன் வீட்டு வாசல் பலகை. பின்காதில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். பராமரிப்பாளர் பக்கம் வந்தால் அவர் முகத்தைப் பார்த்து அது அந்த "ஃபுர்ர்" சத்தம் விடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். போன வருடம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, திரும்பி வரும் வழியில் மேலூர் வரை பஸ்ஸில் அதே சத்தத்தைப் போட்டுக்கொண்டே வந்தாள்.